ஜீப்பில் நான் இல்லை

அத்தியாயம் பதினேழு

போன வாரம் தம்பி வீட்டில் வேலுத்தாய் கை நனைத்ததைப் படித்துவிட்டு, இனி எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று நிம்மதியாகத் தூங்கப்போன வாசகர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன். சிலமலை ஊரே அப்படித்தான் நினைத்தது.

மகள் தமிழினி செத்துப்போனதிலிருந்து வேலுத்தாயும் தம்பி பாண்டியராஜும் பேசிக்கொண்டதில்லை. ஒரே தெருவில்தான் வீடு. எதிரே அக்கா வருவது தெரிந்தால் தம்பி சந்துக்குள் திரும்பிவிடுவான். மலை ரோட்டில் எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு அவன் ஓட்டிய ஜீப் கவிழ்ந்துதான் அக்காவின் ஒரே மகள் செத்தாள் என்றால், அவனும் வேறு எங்கேதான் திரும்புவான். அந்தப் பிள்ளைக்குக் காது குத்தியது தாய்மாமன் மடியில்தான். குத்தும்போது பிள்ளையைவிட அவன்தான் அதிகம் அழுதான் என்று தெருவே கேலி செய்த காலம் ஒன்று உண்டு.

இந்தச் சித்திரைத் திருவிழாவன்று வேலுத்தாயே தம்பி வீட்டுப் படியேறிப் போனாள். இலை முன்னால் உட்கார்ந்து ஒரு வாய்ச் சோறு எடுத்தாள். எங்கள் பக்கத்தில் சமாதானம் என்றால் அவ்வளவுதான். பகை இருக்கிற வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்கள். கை நனைத்துவிட்டால் பகை முடிந்தது. அதற்கு மேல் பேசுவதற்கு ஒன்றும் கிடையாது.

மறுநாள் வேலுத்தாயின் புருஷன் மொக்கச்சாமியும் பாண்டியராஜும் ஒன்றாகவே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். "நாங்க சேந்துட்டோம்யா. கேச எடுத்துருங்க" என்றார் மொக்கச்சாமி.

அங்கே இருந்த ஏட்டு நல்ல மனுஷன், சிரிக்கவில்லை. "உசுரு போன கேசுண்ணே. இதுல நீங்க ராசியாக முடியாது. நீங்க போட்ட கேசுன்னா நீங்க எடுக்கலாம். இத நடத்துறது அரசாங்கம்" என்றார்.

மொக்கச்சாமிக்கு அது கடைசிவரை விளங்கவில்லை. செத்தது என் மகள், ஓட்டினது என் மச்சினன், நடுவுல அரசாங்கத்துக்கு என்ன சோலி என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கொஞ்ச நாளில் வேலுத்தாய் பெயருக்குச் சம்மன் வந்தது. வழக்கில் முதல் சாட்சி அவள்தான். அவள் கூண்டேறும் நாள்தான் இன்று.

*

விடிந்ததும் மொக்கச்சாமி மலைக்குக் கிளம்பிவிட்டார்.

"எஸ்டேட்டுல சோலி கெடக்கு. நீ போயிட்டு வெரசா வந்துரு" என்றார்.

மகள் பெயரை யாரோ ஒருவர் பேப்பரைப் பார்த்து வாசிப்பார், அதை உட்கார்ந்து கேட்க வேண்டும். அவருக்கு அந்தத் தெம்பு இல்லை. அதைச் சொல்லத் தெரியாமல்தான் சோலியைச் சொன்னார். வேலுத்தாய்க்கு அது தெரியும். தூக்குச்சட்டியில் கஞ்சியை ஊற்றி மூடிக் கையில் கொடுத்தாள்.

போடி பஸ்சில் அவளும் தம்பி பெண்டாட்டி ராக்கும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். ராக்கு மடியில் பெரிய டிபன் கேரியர்.

"புளிச்சோறும் பருப்புத் தொவையலும் கட்டியிருக்கேன் மதினி. கோர்ட்டுல எந்நேரமாகுமோ."

"பிள்ளைக எங்க?"

"பள்ளிக்கூடம் போயிருச்சுக. அப்பா எங்கன்னு கேட்டுச்சுக. நான் சொல்லல."

சன்னலுக்கு வெளியே மலை தெரிந்தது. உச்சியில் மேகம் இறங்கியிருந்தது. வேலுத்தாய் அந்தப் பக்கம் பார்க்காமல் கேரியரின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"எல்லாம் நீங்க சொல்ற ஒரு சொல்லுலதான் மதினி இருக்கு. ஜீப்புல வந்தவுக பூராம் நம்ம சனந்தான். பெத்தவளே ஒண்ணும் சொல்லலேன்னா நாங்க என்னத்தச் சொல்லப்போறோம்னு இருக்காக" என்றாள் ராக்கு. கொஞ்சம் கழித்து, "அவர உள்ள போட்டுட்டா நான் ரெண்டையும் வச்சுக்கிட்டு என்ன பண்ணுவேன்" என்றாள்.

"போட மாட்டாக. நான்தான் வர்றேன்ல" என்றாள் வேலுத்தாய்.

மனதாரத்தான் சொன்னாள். மகளை மலைக்குப் பறிகொடுத்தாயிற்று, கூடப்பிறந்தவனையும் ஜெயிலுக்கு அனுப்ப அவளுக்கு மனசில்லை.

*

கோர்ட்டில் பத்தரைக்கு என்று சொன்னால் பத்தரைக்குக் கூப்பிடுவார்கள் என்று நம்புகிறவர்கள் முதல்முறை வருகிறவர்கள். வேலுத்தாயும் ராக்கும் ஒன்பதே காலுக்கே போய் வேப்பமரத்தடியில் நின்றார்கள். பாண்டியராஜ் அதற்கும் முன்பே வந்திருந்தான். சலவைச் சட்டை போட்டு, முகம் வழித்து, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி ஒதுங்கி நின்றான். அந்த விபத்துக்குப் பிறகு அவன் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. ஏலக்காய் குடோனில் மூட்டை ஏற்றுகிறான்.

"அக்கா, தண்ணி குடிக்கிறியா?" என்றான்.

"வேணாம்ப்பா."

அதற்குள் அவனுடைய வக்கீலின் குமாஸ்தா ஜெகதீஷ் வந்துவிட்டான். கோர்ட்டைச் சுற்றி இருக்கிறவர்களில் சிலருக்குச் சட்டம் தெரியும். சிலருக்குச் சட்டத்தைச் சுற்றிக்கொண்டு போகிற வழி தெரியும். ஜெகதீஷ் இரண்டாவது ரகம்.

"மூணே பதில்தான் ஆத்தா. ஜீப்புல நான் இல்ல. ஆஸ்பத்திரிக்கு வந்துதான் பாத்தேன். போலீசு எழுதி நீட்டுன பேப்பர்ல கையெழுத்துப் போட்டேன், என்ன எழுதுனாகன்னு தெரியாது. இதத் தாண்டி எது கேட்டாலும் தெரியாது."

வேலுத்தாய் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "ஜீப்புல இல்லேன்னா சொல்லணும்? வண்டி எப்படிப் போச்சுன்னு எனக்குத் தெரியலன்னு சொன்னா ஆகாதா?"

"ஆகாது ஆத்தா. இருந்தேன்னு ஒத்துக்கிட்டா, இருந்தவளுக்கு எப்படித் தெரியாமப் போகும்னு அடுத்த கேள்வி வரும். அது அதுக்கடுத்தத இழுக்கும். ஆளே இல்லன்னுட்டா அதோட முடிஞ்சது."

அவள் தம்பியைப் பார்த்தாள். "நீ என்னப்பா சொல்ற?"

"நான் என்னக்கா சொல்ல" என்றான் பாண்டியராஜ். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

அந்த வழியாகக் கறுப்பு அங்கியோடு ஒரு பெண் வழக்குக் கட்டுகளைச் சுமந்துகொண்டு வந்தார். அரசுத் தரப்பில் வழக்கு நடத்துகிற அனுப்பிரியா. சின்ன வயசுதான். வேலுத்தாய் பெயரைக் கேட்டுக்கொண்டு, "போலீஸ்ல நீங்க சொன்னத ஒருவாட்டி படிச்சுக் காட்டவாம்மா?" என்றார்.

"வேண்டாம் தாயி."

அனுப்பிரியா வேலுத்தாயைப் பார்த்தார். பக்கத்தில் ராக்குவையும் டிபன் கேரியரையும் பார்த்தார். "சேந்துட்டீங்களா?" என்று கேட்டார். ராக்கு கேரியரைக் கை மாற்றிப் பிடித்தாள்.

"சேந்தே இருங்க. நல்லதுதான். உள்ள வந்து நடந்தத மட்டும் சொல்லுங்க." சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார்.

*

பன்னிரண்டு மணிக்கு மேல் டவாலி வாசலில் வந்து நின்று வேலுத்தாய் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். அவள் மூன்று அடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தாள்.

சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தாள். எதிர்ப்பக்கத்துக் கூண்டில் பாண்டியராஜ் கைகட்டி நின்றான். மேலே நடுவர், அவருக்குக் கீழே டைப் அடிக்கிற பெண். சாட்சி சொல்வதை நடுவர் எழுத்துத் தமிழில் திருப்பிச் சொல்வார். அந்தப் பெண் அடிப்பாள்.

"எதிரியைத் தெரியுமாம்மா?" என்று தொடங்கினார் அனுப்பிரியா.

வேலுத்தாய் விழித்தாள். குற்றம் சாட்டப்பட்டவரைக் கோர்ட்டில் எதிரி என்றுதான் சொல்வார்கள். வக்கீல்களுக்குப் பழகிப்போன வார்த்தை. புதிதாகக் கேட்கிறவர்களுக்குத் திக்கென்று இருக்கும்.

"அந்தக் கூண்டுல நிக்கிறவரத்தாம்மா கேக்குறேன்."

"அவன் என் கூடப்பெறந்த தம்பி."

"எதிரி என்னுடைய உடன்பிறந்த தம்பி" என்றார் நடுவர் டைப் அடிக்கும் பெண்ணிடம். "இறந்துபோன தமிழினி என்னுடைய மகள்."

விசைகள் தட்டுகிற சத்தம் கேட்டது. அது நின்றதும், "சம்பவத்தன்னைக்கு ஜீப்புல நீங்க எங்க உக்காந்திருந்தீங்க?" என்று கேட்டார் அனுப்பிரியா.

"ஜீப்புல நான் இல்ல."

"சம்பவ நாளன்று நான் ஜீப்பில் இல்லை" என்றார் நடுவர். அதுவும் டைப் ஆனது.

பின்வரிசையில் ராக்கு மூச்சை விட்டாள். பொய் இவ்வளவு லேசாக இருக்கும் என்று வேலுத்தாயே நினைக்கவில்லை. நாக்கில் ஒட்டாமல் வந்து விழுந்துவிட்டது.

சாட்சியைப் பிறழ் சாட்சியாகக் கருதிக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி வேண்டும் என்று அனுப்பிரியா கேட்டார். தான் கூப்பிட்ட சாட்சி தனக்கே எதிராகத் திரும்பிவிட்டால், அரசு வக்கீல் அந்தச் சாட்சியை மடக்கிக் கேள்வி கேட்கலாம். நடுவர் தலை நிமிராமலே அனுமதி கொடுத்தார். அவருக்கு அது தினமும் நடக்கிற சங்கதி.

"வண்டியோட பின்பக்கம் மகளுக்குப் பக்கத்துல உக்காந்திருந்தேன்னு போலீஸ்ல சொன்னீங்களே?"

"சொல்லல."

"இது உங்க கையெழுத்துதானே?"

"என்னோடதுதான். என்ன எழுதுனாகன்னு தெரியாது."

எதிரியின் வக்கீல் திருப்தியாக நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஜெகதீஷ் கதவோரம் நின்று தலையாட்டினான். இதுவரை சொன்ன பதிலெல்லாம் பாஸ்.

அனுப்பிரியா வழக்குக் கட்டைப் பிரித்து ஒரு தாளைத் திருப்பினார். குரலை உயர்த்தவில்லை.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தப்போ உங்க மகளுக்கு உசுரு இருந்திருக்கும்மா. டாக்டர் எழுதியிருக்காரு. புலியூத்துக்கு மேல நடந்த விபத்து. அங்க இருந்து போடிக்கு வர முக்கா மணி நேரமாச்சும் ஆகும். அவ்வளவு நேரமும் அந்தப் பொண்ணு கூட யாரு இருந்தாங்க?"

தெரியாது என்று சொல்ல வேண்டும். அதுதான் பாடம்.

"யார் மடியில போட்டுக் கொண்டாந்தாங்க?"

வேலுத்தாய் டைப் அடிக்கும் பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண் விசைமேல் விரலை வைத்துக் காத்திருந்தாள்.

"சொந்தம்னு ஒருத்தருமே இல்லாமத்தான் கெடந்துச்சா?"

வேலுத்தாய் குனிந்து தன் சேலையைப் பார்த்தாள். அன்றைக்குக் கட்டியிருந்த சேலை இது இல்லை. அந்தச் சேலையைத் துவைக்கவும் முடியாமல் எரிக்கவும் முடியாமல் மொக்கச்சாமிக்குத் தெரியாமல் பரண்மேல் வைத்திருக்கிறாள். இப்போது தெரியாது என்று சொன்னால் அந்தச் சேலையும் பொய், அந்த மடியும் பொய். தன் மகள் யாரும் இல்லாமல் செத்தாள் என்று இந்தப் பெண் டைப் அடித்துவிடுவாள். கோர்ட்டில் எழுதினால் எழுதினதுதான்.

"நான்தான்" என்றாள்.

"சத்தமாச் சொல்லுங்கம்மா."

"நான்தான் தாயி இருந்தேன். எம் மடியிலதான் கெடந்தா."

விசைகளின் சத்தம் நின்றது. எதிரியின் வக்கீல் எழுந்தார். நடுவர் கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார். முதல் தடவையாக வேலுத்தாயை நேராகப் பார்த்தார்.

"கொஞ்சம் முன்னாடி ஜீப்புல இல்லைன்னு சொன்னீங்க. சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொன்னா உங்க மேலேயே நடவடிக்கை எடுக்கலாம். தெரியுமாம்மா?"

"எடுங்கய்யா" என்றாள். "எம் பிள்ள அநாதையாப் போச்சுன்னு மட்டும் எழுதிராதீக."

பிறகு அவளே பேசினாள். யாரும் கேள்வி கேட்க வேண்டியிருக்கவில்லை.

"தண்ணி கேட்டாய்யா. கீழ எறங்கி வந்த ஒரு மலையாளத்துக்காரர் வண்டிய நிறுத்திட்டு ஓடியாந்தாரு. வெள்ளம் கொடுக்கண்டா சேச்சி, அடிபட்ட பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாதுன்னாரு. நானும் கொடுக்கல. வீட்டுக்குப் போயிக் குடிச்சுக்கலாம் ஆத்தான்னு சொன்னேன். அவரு வண்டியிலதான் ஏத்திக்கிட்டு வந்தோம். வர்ற வழியில, மாமாவுக்கு அடிபட்டுருச்சாம்மான்னு கேட்டா. இல்லடா, நீ பேசாதன்னேன். மறுபடியும் அதையே கேட்டா. அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்கல."

நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"எதிரிக்கு அடிபட்டதா என்று என் மகள் இரண்டு முறை கேட்டார். அதன்பின் பேசவில்லை."

பாண்டியராஜ் கூண்டுக் கம்பியைப் பிடித்தபடி அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான். எழுந்திரு என்று டவாலி அதட்டினார். விட்டுவிடும்படி நடுவர் சைகை காட்டினார்.

அனுப்பிரியா அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தக் கூடாது, அதுதான் அவருடைய வேலை. "வண்டி எப்படிம்மா போச்சு?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி வரும் என்று ஜெகதீஷ் சொல்லியிருந்தான். வேலுத்தாய்க்கு அதெல்லாம் இப்போது ஞாபகமில்லை. அவள் மலையில் இருந்தாள்.

"ஒரே மூட்டம். முன்னால வேறொரு ஜீப்பு போயிக்கிட்டு இருந்துச்சு. மொதல்ல போயி ஆள எறக்கிட்டா இன்னொரு நடை கெடைக்கும்னு அதத் தாண்டப் பாத்தான். வளைவுல தாண்டப் பாத்தான். மெதுவாப் போடா தம்பின்னேன்."

"அதுக்கு எதிரி என்ன சொன்னார்?"

அவள் தம்பி பக்கம் திரும்பினாள். அவன் தலையைத் தூக்கவில்லை.

"சிரிச்சான். பயமா இருந்தா கண்ண மூடிக்கக்கான்னான்." சொல்லிவிட்டு நடுவர் பக்கம் திரும்பினாள். "மூடிக்கிட்டேன்."

*

அவளைக் குறுக்கு விசாரணை செய்ய எதிரியின் வக்கீல் அவகாசம் கேட்டார். அடுத்த மாதத்துக்கு வாய்தா போட்டார்கள். வேலுத்தாய் சாட்சியத்தின் அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். வெயிலில் கால் வைத்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது.

மரத்தடியில் ராக்கு கேரியரோடு நின்றாள்.

"எங்க வீட்டுல கை நனச்சீகளே மதினி" என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருக்கலாம்.

"அவன உள்ள அனுப்பணும்னு நான் சொல்லல ராக்கு. அவ கூட நான் இருந்தேன்னு மட்டுந்தான் சொல்ல வந்தேன்."

"ரெண்டும் ஒண்ணுன்னு காலையிலயே குமாஸ்தா சொன்னாருல்ல. பொய் சொல்லக் கேட்டது தப்புதான். நான் இல்லங்கல. சாயங்காலம் பிள்ளைககிட்ட என்னன்னு சொல்ல?"

ராக்கு கேட்டதில் அநியாயம் எதுவும் இல்லை என்பதுதான் வேலுத்தாய்க்குக் கஷ்டமாக இருந்தது.

பாண்டியராஜ் படியிறங்கி வந்தான். நேரே அக்காவிடம் வந்தான். வக்கீல் பின்னாலிருந்து கூப்பிட்டது அவன் காதில் விழவில்லை.

"என்னயக் கேட்டாளாக்கா?"

"ம்."

"ரெண்டு தடவையா?"

"ம்."

"ஏன்க்கா சொல்லல?"

"பேசாம இருந்தப்போ உனக்குச் சொல்லப் புடிக்கல. பேசுனப்புறம் சொல்ல மனசு வரல."

அவன் தன் கைகள் இரண்டையும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கைகள்.

"ஒரு சிராய்ப்புகூட இல்லக்கா எனக்கு. அவளுக்கு யாருமே சொல்லலையா?"

"நான் சொன்னேன். அவ காதுல விழுந்துச்சான்னு தெரியல."

கோர்ட்டு வாசலில் சாப்பாட்டு நேரத்துக்காக ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். நடுவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. பாண்டியராஜ் திரும்பிப் படியேறினான்.

"எங்க போற?" என்றாள் ராக்கு.

"அய்யா எந்திரிக்கிறதுக்குள்ள ஒரு வார்த்த சொல்லணும்."

"என்ன வார்த்த?"

"குத்தத்த ஒத்துக்கிறியான்னு மொத நாள் கேட்டாக. இல்லன்னு சொன்னேன்ல. அது பொய்யின்னு சொல்லப்போறேன்."

ஜெகதீஷ் இடுப்பு வேட்டியைப் பிடித்துக்கொண்டு அவன் பின்னால் ஓடினான். ராக்கு ஓடவில்லை. கேரியரைத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு நாளும் தம்பியைத் தண்டிக்கச் சொல்லி வேலுத்தாய் கேட்டதில்லை. போகாதே என்று இப்போது கூப்பிடவும் அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னது அத்தனையும் உண்மை. உண்மையைச் சொல்லிவிட்டு அதிலிருந்து தம்பியை மட்டும் தனியே எடுத்துவிட முடியுமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"சாப்பிட்டுட்டுப் போடா தம்பி" என்றாள்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. டவாலி கதவைச் சாத்த வந்தார். பாண்டியராஜ் கதவில் கையை வைத்து நிறுத்தினான்.

மரத்தடியில் இரண்டு பெண்களுக்கும் நடுவே டிபன் கேரியர் இருந்தது. அதை யாரும் திறக்கவில்லை.